முதலில் கேட்போம், பிறகு பேசுவோம்



நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூமியை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகிறது. நாளொன்றுக்குச் சில முறை அது நம் ஊரின் தொடுவானத்திற்கு மேலே எழுகிறது. பத்து நிமிடங்களுக்குள் எதிர்ப்பக்கம் மறைந்தும் விடுகிறது. அதில் ஓர் அமெச்சூர் வானொலி நிலையம் இருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விண்வெளி வீரர்கள் அதன் வழியே பள்ளி மாணவர்களுடன் உரையாடுகிறார்கள். 2025 ஜூலையில் நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லாவும் இவ்வாறு இந்திய மாணவர்களின் கேள்விகளுக்கு விண்ணிலிருந்து விடை சொன்னார்.

அமெச்சூர் வானொலி என்பது வருமானத்துக்காக அன்றி, அறிவார்வத்தால் வானொலிக் கருவிகளை இயக்குவோரின் பணி. இவர்களை 'ஹாம்' என்றும் அழைப்பார்கள். இவர்களுக்கென உலக நாடுகள் சில அலைவரிசைகளை ஒதுக்கி வைத்துள்ளன. இவர்கள் தாங்களே வடிவமைத்த செயற்கைக்கோள்களும் விண்ணில் உலவுகின்றன.

இதைப் பற்றிச் சொன்னவுடன் மாணவர்களிடமிருந்து எழும் முதற்கேள்வி, "நாங்கள் எப்போது அதனுடன் பேசலாம்?" என்பதுதான். நல்ல கேள்வியே. ஆனால் அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதற்கேள்வி, "நாங்கள் எப்படிக் கேட்கலாம்?" என்பதாக இருக்கட்டும். பேசுவதற்கு உரிமம் வேண்டும், தேர்வு எழுத வேண்டும், கருவி வேண்டும். கேட்பதற்கோ சிறிதளவு கம்பியும், ஒரு கணினியும், நிறையப் பொறுமையும் போதும். நம் உயர்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் விண்கலங்களைக் கேட்கும் ஒரு சிறு நிலையம் இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களையும் வழியையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்டவர்கள் கண்டறிந்தவை

"வெறுமனே கேட்பதால் என்ன பயன்?" என்று சிலர் ஐயுறலாம். இதற்கு வரலாறு விடை சொல்கிறது.

1957 அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அமெச்சூர்கள் தாங்களே செய்த 'ஆஸ்கார் 1' என்னும் கோள் விண்ணுக்குச் சென்றது. அதன் எடை 5 கிலோகிராமுக்கும் குறைவு. பெரிய விண்கலம் ஒன்றை ஏவிய ராக்கெட்டில், எடையைச் சமன் செய்ய வைக்கும் உலோகக் கட்டைக்குப் பதிலாக இது ஏற்றப்பட்டது! அதன் ஒலிபரப்பியின் திறன் 0.14 வாட் மட்டுமே. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் 'ஹெச்', 'ஐ' என்னும் இரண்டு எழுத்துகளை மட்டுமே அது திரும்பத் திரும்ப அனுப்பியது. கோளின் உள்ளே நிலவும் வெப்பநிலைக்கேற்ப அந்த எழுத்துகள் வரும் வேகம் மாறும். ஆகவே கைக்கடிகாரத்துடன் கேட்டவர் எவரும் விண்ணில் உள்ள ஒரு பொருளின் வெப்பநிலையை அளந்துவிடலாம். 28 நாடுகளிலிருந்து 570-க்கும் மேற்பட்டோர் தாங்கள் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். மூன்று வாரங்களே வாழ்ந்த அக்கோள் பலரை விண்வெளி ஆய்வில் பங்காளிகள் ஆக்கிவிட்டது.

இரண்டாவது வரலாறு ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஜெஃப்ரி பெரி என்னும் இயற்பியல் ஆசிரியர் இருந்தார். டாப்ளர் விளைவை மாணவர்களுக்குக் கண்ணெதிரே காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே பள்ளியின் வேதியியல் ஆசிரியர் டெரிக் ஸ்லேட்டரிடம் வானொலி ரிசீவர் இருந்தது. இருவரும் மாணவர்களும் சேர்ந்து 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வந்த சோவியத் செயற்கைக்கோள்களின் ஒலிகளைக் கேட்டு, நேரத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தார்கள்.

1966 மார்ச்சில் ஏவப்பட்ட 'காஸ்மாஸ் 112' என்னும் கோளின் சுற்றுப்பாதை முந்தைய கோள்களின் பாதைகளிலிருந்து வேறுபட்டிருந்தது. பின்னர் வந்த வேறு சில கோள்களின் பாதைகளையும் அவர்கள் உலகப் படத்தில் பின்னோக்கி வரைந்து பார்த்தார்கள். கோடுகள் பைக்கனூர் ஏவுதளத்தில் சந்திக்கவில்லை. ரஷ்யாவின் வடபகுதியில் பிளெஸெட்ஸ்க் என்னும் இடத்தருகே சந்தித்தன. அங்கே ஒரு புதிய ஏவுதளம் இருக்கிறது என்று 1966-இன் இறுதியில் அவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். வல்லரசுகளின் உளவுத் துறைகள் அவ்விடத்தை அறிந்திருந்தும் வெளியே சொல்லவில்லை. சோவியத் அரசு அந்த ஏவுதளத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983-இல்தான். ஒரு பள்ளியின் குறிப்பேடு 17 ஆண்டுகள் முந்திக்கொண்டது!

மூன்றாவதும் சுவையானது. 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட 'ஆஸ்கார் 7' என்னும் அமெச்சூர் செயற்கைக்கோள் 1981-இல் மின்கலம் பழுதாகி ஓய்ந்தது. எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். 21 ஆண்டுகள் கழித்து, 2002 ஜூன் 21 அன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த ஓர் அமெச்சூரின் காதில் பழைய பாணியில் ஒரு மோர்ஸ் ஒலி விழுந்தது. ஆராய்ந்து பார்த்தால் அது ஆஸ்கார் 7! குறுக்குச் சுற்றாகிக் கிடந்த மின்கலம் காலப்போக்கில் முற்றிலும் அறுபட்டுத் திறந்த சுற்றாகிவிட்டது. அதனால் சூரியப் பலகைகளின் மின்சாரம் நேரே கருவிகளுக்குச் சென்றது. வெயில் பட்டால் விழிப்பு, பூமியின் நிழலில் உறக்கம் என அது மறுவாழ்வு பெற்றது. கேட்க ஒருவர் இருந்திராவிட்டால் அது உயிர்த்தெழுந்த செய்தி யாருக்கும் தெரிந்திராது.

எளிய கருவிகள்

இனி நாம் எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

முதலாவது தேவை ஆன்டெனா. விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலிபரப்பு பெரும்பாலும் 145.800 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வருகிறது. அலைநீளம் காண 300-ஐ இந்த எண்ணால் வகுத்தால் போதும், சுமார் 2.06 மீட்டர் கிடைக்கும். அதில் நான்கில் ஒரு பங்கு 51 சென்டிமீட்டர். உலோகக் கம்பியில் அலையின் நீளம் சற்றுக் குறைவதால் ஏறத்தாழ 5 விழுக்காடு கழித்து 49 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். இந்த நீளத்தில் விறைப்பான செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒரு மரப்பலகையின் மேல், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், இடையே 120 பாகைக் கோணம் இருக்குமாறு படுக்கை வசத்தில் பொருத்துங்கள். கேபிள் டி.வி.க்குப் பயன்படும் கம்பியின் நடுச்சரத்தை ஒரு துண்டுடனும், வெளிப்பின்னலை மறு துண்டுடனும் திருகி இணையுங்கள். ஆன்டெனா தயார்! இதை ஒரு பி.வி.சி. குழாயின் உச்சியில் கட்டி, வானம் நன்கு தெரியும் திடலில் நிறுத்துங்கள். மின்கம்பிகளின் அருகே ஒருபோதும் நிறுத்தாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் இதைத் தொடவே கூடாது.

இரண்டாவது தேவை ரிசீவர். டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட, விரல் நீளமே உள்ள யு.எஸ்.பி. கருவி ஒன்று உண்டு. அதனுள் இருக்கும் சில்லைக் கொண்டு பல்வேறு வானொலி அலைகளைப் பெறலாம் என்பதை 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் அது 'மென்பொருள் வானொலி' என்ற புது வாழ்வைப் பெற்றது. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் இக்கருவியைப் பள்ளியின் கணினியில் பொருத்தி, இலவச மென்பொருளை இயக்கினால் அலைகளைக் காதால் கேட்பதோடு திரையில் கண்ணாலும் காணலாம்.

மூன்றாவது தேவை கால அட்டவணை. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால், கோள் எப்போது எத்திசையில் எழும், எவ்வளவு உயரம் செல்லும், எப்போது மறையும் என்று கணித்துத் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலும் உலகப் பொது நேரமே தரப்படும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதை மறவாதீர்கள்.

விண்வெளி நிலையத்தின் ஒலிபரப்பு எந்நேரமும் இருப்பதில்லை. பள்ளிகளுடன் உரையாடல் நடக்கும் நாட்களையும், படங்கள் அனுப்பப்படும் நாட்களையும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அந்தப் படங்கள் ஒலியாகவே வரும். சீழ்க்கை போன்ற அந்த ஒலியைக் கணினி கேட்டு, வரி வரியாகத் திரையில் வரையும். வழக்கமாக ஒரு படம் முடிய 2 நிமிடம் ஆகும். மற்றொரு செய்தி: பழைய நூல்கள் நோவா வானிலைக் கோள்களின் படங்களைப் பிடிக்கச் சொல்லும். அவற்றில் கடைசியாக எஞ்சியிருந்தவை 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இவ்வளவு எளிய கருவியில் விண்ணொலி எப்படிக் கேட்கும்? சாலையில் ஒருவர் கையிலுள்ள ஒலிபரப்பி சில கிலோமீட்டருக்கு மேல் எட்டுவதில்லை. வீடுகளும் மேடுகளும் பூமியின் வளைவும் தடுக்கின்றன. விண்கலத்துக்கும் நமக்கும் இடையே அத்தகைய தடை எதுவும் இல்லை. தூரம் மட்டுமே உண்டு. தலைக்கு மேலே 400 கிலோமீட்டர். தொடுவானத்தில் இருக்கும்போது சுமார் 2,300 கிலோமீட்டர். தூரம் ஐந்தே முக்கால் மடங்கு கூடினால் வானொலி அலையின் வலிமை எத்தனை மடங்கு குறையும்? தூரத்தின் வர்க்கத்தைக் கணக்கிட்டால் சுமார் 33 மடங்கு. தொடக்கத்தில் இரைச்சலாக இருந்து, உச்சியில் தெளிந்து, மீண்டும் இரைச்சலில் மறைவதன் காரணம் இதுவே.

ஓர் அளவீடு செய்வோம்

கேட்டதோடு நின்றுவிடாதீர்கள், அளந்து பாருங்கள். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது மந்தமாகவும் ஒலிப்பது போலவே விண்கலத்தின் அதிர்வெண்ணும் மாறும். அது எழும்போது நீங்கள் காணும் அதிர்வெண்ணுக்கும், மறையும்போது காணும் அதிர்வெண்ணுக்கும் உள்ள வேறுபாடு 6.8 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 3.4. அதை 1,45,800 கிலோஹெர்ட்ஸால் வகுத்து, ஒளியின் வேகமான 3,00,000-ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு 7 கிலோமீட்டர் என்று விடை வரும். உங்கள் மலிவான கருவியின் அளவுகோல் சற்றுப் பிசகியிருந்தாலும் கவலையில்லை. இரு அளவுகளிலும் அதே பிசகு இருப்பதால் கழிக்கும்போது அது நீங்கிவிடும்.

ஆனால் விண்வெளி நிலையத்தின் உண்மையான வேகம் வினாடிக்கு 7.66 கிலோமீட்டர். நம் விடை ஏன் குறைந்தது? பூமியின் மையம், நம் ஊர், விண்கலம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரையுங்கள்; விண்கலம் செல்லும் திசையையும் அதில் குறியுங்கள். காரணம் உங்களுக்கே விளங்கிவிடும். ஒரு துண்டுக் கம்பியைக் கொண்டு விண்கலம் ஒன்றின் வேகத்தை அளந்த மாணவருக்குத் திரிகோணமிதி வெறும் மனப்பாடமாக இராது.

மறுப்புகளும் விடைகளும்

"விண்வெளி நிலையத்தின் படங்கள்தாம் இணையத்தில் நேரடியாக வருகின்றனவே! பின் இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊரிலுள்ள கிணற்றின் ஆழத்தைப் புத்தகத்தில் படிப்பதற்கும், கயிறு விட்டு அளப்பதற்கும் வேறுபாடு இருக்கிறதல்லவா? பிறர் தரும் படத்தைப் பார்ப்பவர் பார்வையாளர். தாமே அலையைப் பிடித்து அளப்பவர் ஆய்வாளர். ராக்கெட் ஏவப்படும் நாளில் தொலைக்காட்சி முன் கைதட்டுவது மகிழ்ச்சிதான். ஆனால் விண்வெளி அறிவியல் என்றாலே கைதட்டுவது என்று ஒரு தலைமுறை எண்ணிவிடக் கூடாது.

"தேர்வுச் சுமைக்கு நடுவே இதற்கு ஏது நேரம்?" என்பது மற்றொரு மறுப்பு. அலைகள், டாப்ளர் விளைவு, ஈர்ப்பு, சுற்றுப்பாதை, வர்க்க எதிர்விகித விதி ஆகிய இவை யாவும் பாடநூலில் உள்ளவையே. வாரம் ஒரு முறை பத்து நிமிடக் கேட்டல் அவற்றுக்கு உயிரூட்டும்.

"இதெல்லாம் நகரத்துப் பெரிய பள்ளிகளுக்குத்தான்" என்ற எண்ணமும் தவறு. அடுக்குமாடிகள் வானத்தை மறைக்கும் நகரத்தில், எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் மின்னிரைச்சல் அதிகம். நாற்புறமும் திறந்த திடலும் அமைதியான மின்சூழலும் உள்ள கிராமப் பள்ளியே இதற்குச் சிறந்த இடம். நம் கிராமப்புற மாணவர்கள் நகரத்தவரை முந்தக்கூடிய அறிவியல் துறைகளில் இதுவும் ஒன்று என்பேன்.

பேசும் நாள்

கேட்டுப் பழகியவர்களுக்குப் பேசும் ஆசை வருவது இயல்பு. இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வை எழுதலாம். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம் இதை நடத்துகிறது. வானொலியின் அடிப்படை இயற்பியல், விதிமுறைகள் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். தொடக்க நிலைச் சான்றிதழுக்கு மோர்ஸ் தேர்வு தேவையில்லை. உரிமம் பெறாமல் ஒலிபரப்பியை இயக்குவதற்கும், வாங்கி வைத்துக்கொள்வதற்கும் சட்டம் இடம் தராது. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று எவரும் ஏமாந்துவிடக் கூடாது. கேட்பதிலும் அமெச்சூர் அலைவரிசைகளோடு நின்றுகொள்ளுங்கள். காவல் துறை, விமானத் துறை போன்றோரின் பேச்சு நம் காதுகளுக்கு உரியதன்று. உங்கள் ஆசிரியரும் உரிமம் பெற்ற ஓர் அமெச்சூரும் வழிகாட்டியாக இருப்பது மிக நல்லது.

பேசத் தொடங்கும்போதுதான் கேட்டலின் அருமை முழுமையாகத் தெரியும். 2002 டிசம்பரில் ஏவப்பட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணி செய்த 'சவூதி ஆஸ்கார் 50' போன்ற எளிய கோள்கள் ஒரு நேரத்தில் ஒருவர் குரலை மட்டுமே வாங்கி மறு ஒலிபரப்புச் செய்பவை. அதன் எல்லைக்குள்ளே பல நாடுகளின் அமெச்சூர்கள் காத்திருப்பார்கள். கோளின் ஒலியைக் கேட்க இயலாத ஒருவர் அவசரப்பட்டுப் பேசினால், தம் குரல் போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வேறு இருவரின் உரையாடலைக் கெடுத்திருப்பார். ஆகவே, 'கேட்காத கோளில் பேசாதே' என்பது இத்துறையில் எழுதப்படாத சட்டம்.

நம் அனைவருக்கும் உரிய சொத்து

இறுதியாக ஒன்று. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட் 1 கோளுடன் 'ஹாம்சாட்' என்னும் இந்திய அமெச்சூர் செயற்கைக்கோளும் ஏவப்பட்டது. இந்திய அமெச்சூர்களும் ஒரு டச்சு மாணவரும் செய்த கருவிகளைச் சுமந்த அக்கோள், 2014 வரை உலகெங்கும் உள்ளோரின் குரல்களை ஏந்திச் சென்றது. அத்தகைய கோள்களுக்கு இடம் தரும் அலைவரிசைகள் விற்பனைப் பொருள்கள் அல்ல, பொதுச் சொத்து. ஆனால் ஊர்ப் பொதுநிலத்தைப் போலவே, பயன்படுத்துவோர் இல்லாவிட்டால் அதற்கும் ஆபத்து உண்டு. 2019-இல் ஐரோப்பாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அமெச்சூர் அலைவரிசையை விமானத் துறையின் பயன்பாட்டுக்கும் ஆராயலாம் என்று ஒரு முன்மொழிவு எழுந்தது. அமெச்சூர்கள் திரண்டு எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. விண்வெளி நிலையத்தின் குரல் வரும் 145.800 இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. நாளை இப்படி ஒரு கேள்வி மீண்டும் எழுந்தால், "இதை நாங்கள் பயன்படுத்துகிறோம்" என்று சொல்ல ஆட்கள் வேண்டாமா?

அதற்கு நீங்கள் இன்றே தொடங்கலாம். நான்கைந்து பேராகச் சேருங்கள். ஒருவர் ஆன்டெனாவைக் கவனிக்கட்டும். ஒருவர் கணினியை இயக்கட்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் எழுதட்டும். தேதி, நேரம், திசை, அதிர்வெண், கேட்டது என்ன என்று ஐந்து பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு போடுங்கள். முதல் நாள் எதுவும் கேட்காமல் போகலாம். அப்போது 'கேட்கவில்லை' என்று எழுதுங்கள். அதுவும் ஓர் அறிவியல் உண்மையே. கெட்டரிங் மாணவர்களின் குறிப்பேடும் ஒரு நாள் இப்படி ஒரு வெற்றுப் பக்கத்தில்தான் தொடங்கியிருக்கும்.